நகராத கப்பல்

கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு மீனவக் கிராமத்திலிருந்து ஃபைபர் படகில் ஒருமுறை கடலுக்குப் போயிருந்தேன். அதிகாலை மூன்றரை மணி. கரைக் கோயிலின் விளக்கு சிறு பொட்டாகச் சுருங்கிவிட்டது. வலப்பக்கம் தொலைவில் ஒரு கப்பல் தெரிந்தது. மேலே இரண்டு வெள்ளை விளக்குகள், கீழே ஒரு சிவப்பு. பார்க்க அழகாக இருந்ததால் அதைச் சொன்னேன். எஞ்சினைப் பிடித்திருந்த பெரியவர் அழகைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. படகின் நடுவே நட்டிருந்த மூங்கில் கம்பைக் காட்டி, "தம்பி, தலைய அசைக்காம இரு. அந்தச் செவப்பு வெளிச்சம் இந்தக் கம்ப விட்டு நவுருதான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

இரண்டு மூன்று நிமிடம் பார்த்தேன். கம்பும் வெளிச்சமும் ஒட்டிக்கொண்டே இருந்தன. நகரவில்லை என்றேன், நல்ல செய்தி சொல்லும் குரலில்.

"அப்ப நம்ம மேலதான் வாறான்."

கடலில் மோதல் நிகழ்வதன் முழு வடிவக்கணிதமும் அந்த மூங்கில் கம்பில் இருக்கிறது. இரண்டு படகுகள் வெவ்வேறு திசையிலிருந்து ஒரே புள்ளியை நோக்கிப் போகின்றன என்று வையுங்கள். நாம் அந்தப் புள்ளிக்கு ஒரு கடல் மைல் தொலைவில் 6 நாட் வேகத்தில் போகிறோம். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். புள்ளியை அடைய நமக்குப் பத்து நிமிடம் ஆகும். கப்பல் இரண்டரை மைல் தொலைவில் 15 நாட்டில் வருகிறது. அதற்கும் பத்து நிமிடம்தான். ஐந்து நிமிடம் கழித்து நமக்கு மீதி அரை மைல், கப்பலுக்கு ஒன்றேகால். நாம், கப்பல், சந்திக்கும் புள்ளி ஆகிய மூன்றும் சேர்ந்த முக்கோணம் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் அதன் வடிவம் மாறவில்லை. வடிவம் மாறாவிட்டால் கோணமும் மாறாது. பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணம்தான். கோணம் மாறாததால், கப்பல் நம் பார்வையில் அதே இடத்தில் நின்றுகொண்டே நெருங்குகிறது.

நம் கண்ணோ அசைவதைக் கவனிக்கப் பழகியது. அசையாததைப் பின்னணியோடு சேர்த்து மறந்துவிடும். மோதப்போகும் கப்பல் அசையாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக மட்டும் செய்யும். அந்த வளர்ச்சியும் நம்மை ஏமாற்றக்கூடியது. தூரம் பாதியானால்தான் தோற்றம் இரு மடங்காகும். நான்கு மைலிலிருந்து இரண்டு மைலுக்கு வர ஆகும் நேரத்தில் ஒரு மடங்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு வர இன்னொரு மடங்கு என்று சாதுவாக வளர்வது, கடைசி நிமிடத்தில் திடீரென வானத்தை மறைக்கும். நாற்சந்தியில் காரின் முன்கண்ணாடித் தூணுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் கடைசிவரை மறைந்தே வருவதும் இதே கணக்கில்தான்.

கடலில் மோதல் தவிர்க்கும் சர்வதேச விதிகள் 1972 அக்டோபரில் லண்டனில் ஏற்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடப்பில் உள்ளன. அவற்றில் ஏழாவது விதி பெரியவரின் மூங்கில் கம்பைத்தான் சட்ட மொழியில் சொல்கிறது: நெருங்கிவரும் கலத்தின் திசைமானிக் கோணம் குறிப்பிடத்தக்க அளவு மாறாவிட்டால் மோதல் ஆபத்து உண்டு என்று கொள். கம்புக்குப் பதில் திசைமானி. படகின் மூக்கு அலையில் ஆடினால் கம்பும் கூடவே ஆடும், வடதிசை ஆடாது என்பதால் இந்த ஏற்பாடு. கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மிக நீளமான கப்பலாக இருந்தாலோ மிக நெருக்கத்தில் இருந்தாலோ, கோணம் மாறுவது போலத் தெரிந்தும் மோதலாம். அதன் மூக்கு நம்மைக் கடந்துவிட்டது என்று நிம்மதியானால் வயிறு வந்து இடிக்கும்.

சரி, மோதப்போகிறோம் என்று தெரிந்துவிட்டது. யார் ஒதுங்குவது?

நம் ஊர்ச் சாலையில் இந்தக் கேள்விக்கு ஹாரன் பதில் சொல்லும், அதிலும் பேருந்தின் ஹாரன். கடலில் விதி வேறு. படகுக்காரர்கள் பலர் 'வழியுரிமை' என்று பேசுவார்கள். 1972 விதித்தொகுப்பில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அங்கே எந்தக் கலத்துக்கும் உரிமை வழங்கப்படவில்லை, இரண்டு வகைக் கடமைகள்தான் பகிரப்படுகின்றன. ஒரு கலம் விலக வேண்டும். மற்றது தன் திசையையும் வேகத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டு போக வேண்டும். இந்த இரண்டாவது கடமை பலருக்குப் புரிவதில்லை. மரியாதைக்காகச் சற்று வேகம் குறைப்பது, நல்ல மனதோடு கொஞ்சம் திரும்பிக் கொடுப்பது எல்லாம் அங்கே தவறு. எதிர்க்கலம் நாம் நேராகப் போவோம் என்று நம்பித்தான் தன் கணக்கைப் போட்டிருக்கும். எதிரே வருபவருக்கு வழிவிட இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி, தெருவில் நாம் ஆடும் அந்த நடனத்தைக் கப்பல்கள் ஆட முடியாது.

எஞ்சினில் ஓடும் இரு கலங்கள் குறுக்கே சந்தித்தால், மற்றதைத் தன் வலப்பக்கம் காண்பது விலக வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்பி, இடப்பக்கத்தோடு இடப்பக்கமாகக் கடக்க வேண்டும். பின்னாலிருந்து முந்துபவர் யாராக இருந்தாலும், எந்தப் பக்கம் முந்தினாலும், முன்னால் போகிறவரைத் தொந்தரவு செய்யாமல் விலகிப் போவது அவர் பொறுப்பு. பகலில் இதெல்லாம் சுலபம். இருட்டில் ஒரு கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரியும்?

அதற்குத்தான் விளக்குகள். எனக்கு இந்த விதித்தொகுப்பில் மிகவும் பிடித்த பகுதி இது. ஒவ்வொரு கலத்துக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்புறம் வெள்ளை. சிவப்பும் பச்சையும் நேர் முன்னிருந்து தத்தம் பக்கம் 112.5 பாகை வரை தெரியும்படி மறைப்பு வைக்கப்பட்டிருக்கும். பின் விளக்கு 135 பாகை. கூட்டினால் சரியாக 360. வட்டத்தில் இடைவெளியும் இல்லை, ஒன்றின்மேல் ஒன்று படிவதும் இல்லை. இந்த விசித்திரமான அரைப் பாகை எங்கிருந்து வந்தது? பழைய மாலுமிகள் திசைமானியை 360 பாகைகளாகப் பார்க்கவில்லை, 32 கூறுகளாகப் பார்த்தார்கள். ஒரு கூறு 11.25 பாகை. பத்துக் கூறு 112.5, பன்னிரண்டு கூறு 135. பாய்மரக் காலத்து வட்டம் இன்றைய எல்இடி விளக்குகளிலும் உட்கார்ந்திருக்கிறது.

இதிலிருந்து விளைவதைப் பாருங்கள். வலப்பக்கம் ஒரு கப்பல் குறுக்கே வந்தால் அதன் இடப்பக்கம் நமக்குத் தெரியும், அதாவது சிவப்பு. நாம் விலக வேண்டும். அதே நேரத்தில் அந்தக் கப்பலிலிருந்து பார்ப்பவருக்கு நம் வலப்பக்கம் தெரியும், பச்சை. அவர் நேராகப் போகலாம். யாரும் யாரிடமும் பேசாமல், ஒருவருக்கொருவர் அடையாளம்கூடத் தெரியாமல், இருவருக்கும் வேண்டிய உத்தரவு நிறமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரிந்தால் நேராக வருகிறான். வெள்ளை மட்டும் தெரிந்தால் நாம் அவன் முதுகைப் பார்க்கிறோம், முந்துகிறோம் என்று பொருள். (நங்கூரமிட்டு நிற்கும் படகும் ஒற்றை வெள்ளைதான் காட்டும் என்பதால் இதில் கொஞ்சம் ஏமாறவும் இடமுண்டு.)

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததல்ல. பாய்மரக் கப்பல்களுக்குள் வழக்கம் இருந்தது: வேறு வேறு பக்கம் காற்று வாங்கினால் இடப்பக்கக் காற்றில் ஓடுவது விலகும், ஒரே பக்கமானால் காற்று வரும் பக்கம் இருப்பது விலகும். நீராவிக் கப்பல் வந்து, காற்றைக் கேட்காமல் நினைத்த பக்கம் போகத் தொடங்கியபோது பழைய வழக்கம் போதவில்லை. 1840-இல் லண்டனின் ட்ரினிட்டி ஹவுஸ் என்ற கடல்சார் அமைப்பு, நீராவிக் கப்பல்கள் இடப்பக்கத்தோடு இடப்பக்கமாகக் கடக்கட்டும் என்று விதித்தது. 1863-இல் பிரிட்டனும் பிரான்சும் ஒரே விதித்தொகுப்புக்கு ஒத்துக்கொண்டன. 1889-இல் வாஷிங்டனில் நாடுகள் கூடிப் பேசின. இந்த வரலாற்றில் பெரிய சுவாரசியம் இல்லை. விதி இருந்தும் மோதியவர்களின் வரலாறுதான் சுவாரசியம்.

1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே. இத்தாலியின் பயணக் கப்பல் ஆந்த்ரேயா டோரியா மூடுபனியில் நியூயார்க் நோக்கி ஏறத்தாழ 22 நாட்டில் வருகிறது. எதிரே சுவீடனின் ஸ்டாக்ஹோம் 18 நாட்டில். இரண்டிலும் ரேடார் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பல மைல் முன்பே திரையில் பார்த்துவிட்டன. டோரியாவின் கேப்டன் பியரோ கலமாய், எதிர்க்கப்பல் தன் வலப்பக்கமாகக் கடக்கும் என்று கணித்து, இடைவெளியைக் கூட்ட 4 பாகை இடப்பக்கம் திருப்பினார். ஸ்டாக்ஹோமில் பொறுப்பில் இருந்த இளம் அதிகாரி, இடப்பக்கமாகக் கடக்கப் போகிறோம் என்று கணித்து வலப்பக்கம் திருப்பினார். ஒருவர் திருப்பியது மற்றவருக்குத் தெரியவில்லை. ரேடார் திரையில் 4 பாகை என்பது ஒரு புள்ளியின் நடுக்கம், அவ்வளவே. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்தபோது நேரம் முடிந்திருந்தது. கடைசி நொடிகளில் கலமாய் இன்னும் இடப்பக்கமே முழுக்கத் திருப்ப, பனிக்கட்டியை உடைக்கும் வலுவோடு கட்டிய ஸ்டாக்ஹோமின் மூக்கு டோரியாவின் வலது விலாவில் ஏறியது. இரு கப்பல்களிலுமாக 51 பேர் இறந்தார்கள். டோரியாவின் அறையில் படுத்திருந்த ஒரு பதின்வயதுச் சிறுமியை ஸ்டாக்ஹோமின் நொறுங்கிய மூக்கு அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அவள் உயிரோடு அந்தக் கப்பலின் தளத்தில் கிடந்தாள். டோரியா சுமார் பதினொரு மணி நேரம் கழித்து மூழ்கியது. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானதால், தவறு யாருடையது என்று தீர்ப்பாகவே இல்லை.

இன்றைய எட்டாவது விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 4 பாகைதான் நினைவுக்கு வரும். திசை மாற்றினால் கண்ணாலோ ரேடாரிலோ பார்ப்பவருக்கு உடனே புலப்படும் அளவு மாற்று, சின்னச் சின்னதாக அடுத்தடுத்து மாற்றாதே என்கிறது அது. பயிற்சியில் குறைந்தது 30 பாகையாவது திருப்பச் சொல்வார்கள். மூடுபனிக்குத் தனி விதி. ஒன்றையொன்று கண்ணால் காண முடியாதபோது 'நீ நேராகப் போ, நான் விலகுகிறேன்' என்ற பங்கீடே இல்லை. இருவருக்கும் ஒரே பொறுப்பு: மெதுவாகப் போ, ஊது, கவனி.

ஊதலுக்கும் இலக்கணம் உண்டு. ஒரு குறும் ஊதல், வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு, இடப்பக்கம். மூன்று, எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன். (கப்பல் பின்னால் வருகிறது என்று பொருளில்லை. அதன் பழைய வேகம் தீர வெகுநேரமாகும்.) ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால், நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும், நெருக்கமாகக் கடந்தால் தண்ணீரே குழப்பும். ஓடும் கப்பல் மூக்கால் தண்ணீரைத் தள்ளுவதால் முன்னால் அழுத்தம் கூடும். விலாப்பக்கம் தண்ணீர் விரைந்து ஓடுவதால் அழுத்தம் குறையும். பக்கத்தில் இன்னொரு கப்பல் வந்தால் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் இன்னும் விரையும், அழுத்தம் இன்னும் குறையும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். 1911 செப்டம்பர் 20 அன்று இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையில், 269 மீட்டர் நீளமான ஒலிம்பிக் பயணக் கப்பலின் பின்பக்கத்தில் ஹாக் என்ற போர்க்கப்பல் போய் முட்டியது. பெரிய கப்பல் எங்களை உறிஞ்சிவிட்டது என்றது கடற்படை. தவறு ஒலிம்பிக் மேல் என்றே தீர்ப்பானது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 10-இல் டைட்டானிக் முதற்பயணமாகச் சவுதாம்ப்டனைவிட்டுப் புறப்பட்டபோதும் இதே கூத்து. கரையில் கட்டிக் கிடந்த நியூயார்க் என்ற கப்பலின் வடங்கள் அறுந்து, அது டைட்டானிக்கை நோக்கி இழுபட்டு, சில அடி இடைவெளியில் தப்பியது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் கால்வாயில் வழிகாட்டி மாலுமிகள் இதே இயற்பியலைக் கருவியாக்கிக்கொண்டார்கள். குறுகிய கால்வாய் என்பதால் ஒதுங்கி நின்று வழிவிட இடமில்லை. இரு பெரிய கப்பல்கள் ஒன்றை நோக்கி ஒன்று நேராகவே வரும். நெருங்கியதும் இரண்டும் வலப்பக்கம் சற்றே திரும்பும். மூக்குகளின் முன்னே குவிந்த தண்ணீர் ஒன்றை ஒன்று தள்ளிவிடும். பிறகு விலாக்களுக்கிடையிலான இழுப்பும் கரையோரத் தண்ணீரின் தள்ளலும் சேர்ந்து கப்பலை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும். 'டெக்சஸ் சிக்கன்' என்று இதற்கு அவர்கள் வைத்த பெயர், பயந்து முதலில் விலகுபவன் தோற்கும் விடலைப் பந்தயத்திலிருந்து வந்தது. இங்கே முன்கூட்டியே விலகினால் கரையில் ஏறிவிடுவார்கள்.

நம் கடலுக்கு வருவோம். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய பிடபிள்யூ மேப்பிள் கப்பலும், உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. பிறகு சென்னைக் கரையில் இளைஞர்கள், கொட்டிய எண்ணெயின் கரும்பசையை வாளி வாளியாக அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்தோம். இருவரில் ஒருவர் வெளியே போகிறார், ஒருவர் உள்ளே வருகிறார். விதிப்புத்தகத்தின் முதல் பாடத்தில் வரும் காட்சி.

இதைவிட அடிக்கடி நடப்பது கப்பலும் மீன்பிடிப் படகும் மோதுவது. 2021 ஏப்ரல் 13 அதிகாலை, மங்களூருக்கு மேற்கே ஆழ்கடலில், சிங்கப்பூர்க் கொடி ஏந்திய ஏபிஎல் லே ஹாவ்ர் என்ற கொள்கலன் கப்பலும் கேரளத்தின் பேப்பூரிலிருந்து போன ரப்பா என்ற படகும் மோதின. படகில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் உட்பட 14 பேர். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இருவர்.

கப்பலுக்கு மீன்பிடிப் படகு வழிவிட வேண்டுமா, படகுக்குக் கப்பலா? விதி, வலை போட்டுக்கொண்டிருக்கும் படகுக்குச் சாதகமாகவே இருக்கிறது. வலையோ தூண்டிலோ இழுவை மடியோ போட்டதால் திரும்ப முடியாமல் இருக்கும் படகிடமிருந்து எஞ்சின் கப்பல் விலக வேண்டும். பகலில் நுனியோடு நுனி சேர்ந்த இரு கூம்புகளும், இரவில் இழுவை மடியானால் வெள்ளைக்கு மேலே பச்சை, மற்ற வலையானால் வெள்ளைக்கு மேலே சிவப்பும் அதற்கான அடையாளங்கள். ஆனால் வலை தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் இந்தச் சலுகை. வலையைச் சுருட்டிக்கொண்டு கரை திரும்பும் படகு இன்னொரு எஞ்சின் படகு, அவ்வளவுதான். துறைமுகத்தின் குறுகிய வாய்க்காலில் வலை விரித்தவருக்கும் சலுகை கிடையாது. அங்கே கப்பல் வாய்க்காலைவிட்டு வெளியே போக முடியாது என்பதால் படகுதான் கப்பலுக்குத் தடையாகக் கூடாது.

சட்டத்தைவிட இங்கே முக்கியம், கப்பல் நம்மைப் பார்க்கிறதா என்பது. கப்பலின் மேல்மாடியிலிருந்து பார்ப்பவருக்கு மூக்கின் முன்னே உள்ள கடல்பரப்பு 500 மீட்டர் வரை மறையலாம் என்று சர்வதேச விதியே அனுமதிக்கிறது. 20 நாட்டில் வரும் கப்பல் அந்த 500 மீட்டரை ஐம்பது நொடிக்குள் தாண்டும். 12 மீட்டருக்குக் குறைவான படகின் சிவப்பு, பச்சை விளக்குகள் ஒரு கடல் மைல் தெரிந்தால் போதும் என்பது விதி. 20 நாட்டில் ஒரு மைல் என்றால் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் மேலே இருப்பவர் விளக்கைப் பார்த்து, அதன் கோணம் மாறுகிறதா என்று கவனித்து, முடிவெடுத்து, திருப்பி, அந்த மலையும் திரும்ப வேண்டும். ரேடார் பார்த்துக்கொள்ளும் என்று நம்பவும் முடியாது. ஃபைபர் உடல் ரேடார் அலையை அதிகம் திருப்பி அனுப்பாது. திரையில் அலைகளின் இரைச்சலைக் குறைக்கத் திருகும் குமிழ் படகையும் சேர்த்துத் துடைத்துவிடலாம். மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திய பிரதிபலிப்பான் ஒன்றைக் கம்பத்தில் கட்டினால், எந்தத் திசையிலிருந்து அலை வந்ததோ அதே திசைக்குத் திருப்பி அனுப்பும். சைக்கிளின் பின்புறச் சிவப்புக் கண்ணாடிக்குள் இருப்பதும் இதே தந்திரம்தான்.

வெளிச்சம் அதிகமானாலும் ஆபத்துண்டு. மீன் பிரிக்கும் தளத்தில் பகல்போல விளக்குப் போட்டுக்கொண்டு போகும் விசைப்படகுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளத்தில் சிவப்பும் பச்சையும் கரைந்துபோகும். கப்பல்காரருக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும். அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது.

அன்றைக்கு எங்கள் வலை படகிலேயே இருந்தது. சலுகை எதுவும் இல்லை. வலப்பக்கம் சிவப்பு, விலக வேண்டியவர்கள் நாங்கள். பெரியவர், குறுக்கே சந்திக்கும் கலங்களுக்கான பதினைந்தாவது விதியைப் படித்தவர் இல்லை. "முன்னால குறுக்க போயிரக் கூடாது, அவன் பெறத்தால போணும்" என்று சொல்லிக்கொண்டே எஞ்சின் கைப்பிடியைத் தள்ளினார். தயங்கித் தயங்கி இல்லை, ஒரேயடியாக. படகு வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்து திரும்பியது. இப்போது அந்தச் சிவப்பு எங்கள் இடப்பக்கம் நகரத் தொடங்கியது. கம்பைவிட்டு ஒரு சாண், பிறகு ஒரு முழம். கொஞ்ச நேரத்தில் சிவப்பு அணைந்தது போலிருந்தது. அதே இடத்தில் ஒரு வெள்ளை வந்தது. பெரியவர் அப்போதுதான் பீடியைப் பற்றவைத்தார்.

இன்னும் சில நிமிடம் கழித்து, இருட்டிலிருந்து கப்பலின் அலை வந்து படகை இரண்டு முறை தூக்கிப் போட்டது. ஐஸ் பெட்டி நகராமலிருக்க நான் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டேன்.